மலையேறும் வீடு

அமெரிக்காவில் டென்வர் நகரத்திலிருந்து மேற்கே ராக்கி மலைக்குப் போகும் 'ஐ-70' ரஸ்தாவில், கோடை காலத்தில் ஒரு வேடிக்கையைக் காணலாம். மோட்டார்களுக்குப் பின்னால் வீடுகள் ஓடி வரும்! படுக்கை, அடுப்பு, குளிக்கும் அறை சகலமும் அடங்கிய 'டிரெய்லர்' வீடுகள். ஹோட்டல் வாடகைக்கு அழாமல் குடும்பத்தோடு ஊர் சுற்ற இதைவிடச் சௌகரியம் ஏது?

ஆனால், நேயர்களே, அந்த ரஸ்தா லேசுப்பட்டதல்ல. டென்வர் இருப்பது 5,280 அடி உயரத்தில். 1973-ல் திறந்த ஐசனோவர் சுரங்கப் பாதையோ 11,000 அடிக்கும் மேலே. மெல்லிய காற்றில் டர்போ இல்லாத என்ஜினுக்கு மூச்சு வாங்கும். சுரங்கத்தைத் தாண்டினால் செங்குத்தான இறக்கம். பிரேக் பிடிக்காத லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சாலையோரம் மேட்டுப் பாதைகள் போட்டிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

நீங்கள் அங்கே ஒரு டிரெய்லர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் எஸ்.யூ.வி. 3,400 கிலோ இழுக்கும் என்கிறார் விற்பவர். டிரெய்லரோ சாமான்களோடு 2,700 கிலோதான். 'இன்னும் 700 கிலோ மிச்சமிருக்கிறதே!' என்று சந்தோஷப்படத் தோன்றும்.

அவசரப்படாதீர்கள். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களுமாகக் கார் எவ்வளவு சுமக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். 635 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுப்பது வேறு, சுமப்பது வேறு அல்லவா? டிரெய்லரின் மூக்கு காரின் முதுகில்தான் உட்காருகிறது. அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் மூக்கில் இருக்க வேண்டும். 12 என்று போட்டாலே 324 கிலோ ஆயிற்று! மீதி 311. கொக்கிச் சாமான்களுக்கு 40. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளுக்கு 250. பாக்கி 21 கிலோ. அதற்கு நாய்க்கும் ஐஸ் பெட்டிக்கும் சண்டை!

மூக்கைக் குறைத்தால் போயிற்று என்று சாமான்களை டிரெய்லரின் பின்பக்கம் தள்ளுகிறவர்கள் உண்டு. அது மகா விபரீதம். வேகம் பிடித்ததும் டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். மூக்குக் கனம் அதிகமானாலோ காரின் பின்புறம் தாழ்ந்து, முன் சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது.

விளம்பரத்தில் போடும் காலி எடையையும் நம்ப வேண்டாம். 150 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் அதுவே 150 கிலோ! லாரிகள் தங்கும் இடங்களில் எடை மேடை உண்டு. சில டாலர்கள் கொடுத்தால் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் என்று தனித்தனியே நிறுத்துச் சீட்டுக் கொடுத்துவிடுவார்கள். டென்வரிலேயே இதை முடித்துக்கொண்டு ஏறுங்கள். இறக்கத்தின் அடியில் டில்லான் ஏரி வரும்போது, பின் ஸீட்டுக் குழந்தைகளாவது நிம்மதியாக வேடிக்கை பார்க்கட்டும்.