தோற்காதவர்கள்

எங்கள் தெருவில் அப்பாவும் தாய்மாமாவும் சீட்டில் தோற்றதே இல்லை. தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழாவை ஒட்டித் தெரு இளைஞர்கள் நடத்திய முன்னூற்று நாலு போட்டியில் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து அவர்களே வென்றார்கள். பரிசு ஒரு எவர்சில்வர் செம்புதான். ஆனால் ஆண்டு முழுவதும் அதைப் பற்றிய பேச்சிருக்கும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முப்பத்திரண்டு சீட்டு, இரண்டு ஜோடி. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. நான்கு இனத்துக்கும் கூட்டினால் 304. கேள்வி கேட்டுத் துருப்பு வைப்பதில்தான் சாமர்த்தியம். ஆனாலும் கைக்கு வரும் சீட்டு மோசமானால் எந்தச் சூரனும் தோற்பான். ஏழு ஆண்டுகள் தோற்காமலிருப்பது எப்படி?

எனக்கு அது ஒன்பது வயதில் தெரிந்துவிட்டது. சிந்திய கடலையைப் பொறுக்க மேசைக்கு அடியில் போனேன். மாமாவின் கால் பெருவிரல் அப்பாவின் பாதத்தை இருமுறை அழுத்தியது. மேலே அப்பா கேள்வியை உயர்த்தினார். அன்று எதிரே அமர்ந்து தோற்றவர் என் வகுப்புத் தோழனின் தந்தை. இறுதி ஆட்டத்தில் அது அவருக்கு மூன்றாவது தோல்வி. 'ராசியில்லாத கை' என்று ஊர் அவரைக் கேலி செய்தது. நான் வாய் திறக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து பிரிட்ஜ் ஆட்டத்தின் வரலாற்றை வாசித்தேன். 1957 முதல் 1969 வரை நடந்த பத்து பெர்முடா கோப்பைகளையும் இத்தாலியின் நீல அணியே வென்றது. அங்கே ஒரே சீட்டுகளை இன்னொரு மேசையிலும் ஆடவைத்து அதிர்ஷ்டத்தைக் கழித்துவிடுவார்கள். அதனால் அத்தகைய தொடர்வெற்றி சாத்தியம். 1975இல் ஜோடிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதிருக்க மேசைக்கு மேல் முதன்முறையாகத் திரை கட்டினார்கள். அந்த ஆண்டே இத்தாலியின் ஃபக்கினி, தன் கூட்டாளி சுக்கெல்லியின் காலைத் தொட்டதாகப் புகார் எழுந்தது. கண்டனத்தோடு விட்டுவிட்டார்கள், பிறகு மேசைக்கு அடியிலும் மறைப்பு வைத்தார்கள். கோப்பை இத்தாலிக்கே போயிற்று. அந்தப் பக்கத்தை என்னால் சட்டென்று கடந்துபோக முடியவில்லை.

அப்பா சங்கு குளித்தவர். கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குபவனின் கயிற்றைத் தோணியில் மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் கரையின் வழக்கம். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான். கீழிருந்து ஓர் இழுப்பு வந்தால் மேலே தூக்க வேண்டும். ஒரு கணம் தவறினாலும் உயிர் போகும். சைகையால் பிழைத்த இருவர் அவர்கள்.

மாமா இறந்தபின் அப்பா சீட்டைத் தொடவில்லை. ஒருமுறை துணிந்து கேட்டேன். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "ஒங்க மாமா கயிறு புடிச்ச வரைக்கும் எனக்கு ஒருநாளும் மூச்சு முட்டுனதில்லல" என்றார். நான் கேட்டதற்கு அது பதிலல்ல. என் தோழனின் தந்தைக்குச் சொல்லத்தக்க பதிலும் அல்ல.

ஏழு செம்புகளில் ஒன்று இன்னும் என் வீட்டில் இருக்கிறது. கேட்பவர்களிடம், அப்பா சீட்டில் வென்றது என்கிறேன். அதற்குமேல் சொல்வதில்லை.