சதுரங்கப் பலகையில் இரு மந்திரிகள்

பிழைப்பின் பொருட்டுப் புனே நகரில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் ஒரு கவலை பொதுவாக உண்டு. பிள்ளைகள் பள்ளியிலும் தெருவிலும் மராத்தி பேசி வளர்கின்றனர். பெற்றோருடன் அவர்கள் பேசும் தமிழோ, உணவு, உடை, பாடம் என்ற அளவில் சுருங்கிவிடுகிறது. நம் இல்லத்திலும் அந்நிலையே இருந்தது. ஆகவே, பத்து வயதுப் புதல்வன் பள்ளியில் சதுரங்கம் பயிலத் தொடங்கியபோது, முப்பதைக் கடந்த நாமும் அவனிடமே மாணாக்கராக அமர்ந்தோம்.

மராத்தியர் இவ்வாட்டத்தைப் 'புத்திபள்' என்பர். அறிவின் வலிமை என்பது பொருள். யானையும் குதிரையும் அவர்களுக்கும் யானையும் குதிரையுமே. ஆனால், நாம் ராணி என்னும் காயை அவர்கள் 'வஜீர்', அதாவது மந்திரி, என்கின்றனர். மூலைவாட்டில் செல்லும் நம் மந்திரியோ அவர்களுக்கு ஒட்டகம்! "அப்பா, வஜீர் போகிறது!" என்று புதல்வன் எச்சரிக்கும்போது, "உங்கள் மந்திரியா, எங்கள் மந்திரியா?" என்று வினவுவோம். அவன் நகைத்து, தமிழ்ப் பெயரைக் கேட்டறிந்து திரும்பச் சொல்லுவான்.

தொடக்க நிலையினர் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் சிலவே. முதலாவது, பலகையின் நடுவிலுள்ள 4 கட்டங்களைத் தம் ஆளுகையில் வைத்தல். மூலையில் நிற்கும் குதிரை 2 கட்டங்களுக்கே பாயவல்லது. நடுவில் நின்றால் 8 கட்டங்களுக்குப் பாயும். இரண்டாவது, ஒரே காயை மீண்டும் மீண்டும் நகர்த்தாமல், குதிரைகளையும் மந்திரிகளையும் விரைவில் வெளிக்கொணர்தல். ராணியை முந்தி அனுப்பினால், எதிரி அதனைத் துரத்தியவாறே தன் காய்களை நல்லிடங்களில் நிறுத்திக்கொள்வான். மூன்றாவது, கோட்டை கட்டி அரசனைக் காத்தல். அதற்கு அரசனும் அந்த யானையும் அதுவரை நகர்ந்திருத்தல் ஆகாது. இடையில் வேறு காயும் இருத்தல் ஆகாது. வெட்டுக்கு வெட்டு கொடுக்குமுன் மதிப்பையும் எண்ண வேண்டும்: சிப்பாய் 1, குதிரையும் மந்திரியும் 3, யானை 5, ராணி 9.

ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்கு உவகை தரும் செய்தி ஒன்றுண்டு. 1969இல் பிறந்த விசுவநாதன் ஆனந்தின் தந்தையார் தென்னக ரயில்வே அதிகாரி. ஆறு வயதில் ஆனந்துக்கு ஆட்டம் கற்பித்தவர் அவருடைய அன்னையார். பிலிப்பைன்ஸ் ரயில்வேக்கு ஆலோசகராகத் தந்தையார் சென்றபோது, 1978 முதல் குடும்பம் மணிலாவில் வாழ்ந்தது. மகன் பள்ளியில் இருக்கும் வேளையில் தொலைக்காட்சியில் வந்த சதுரங்கப் புதிர்களை அன்னையார் குறித்து வைப்பார். மகன் திரும்பியதும் இருவரும் சேர்ந்து விடை காண்பர். ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். 2000இல் உலக வாகையும் சூடினார். பட்டங்களைவிட, அயல்நாட்டில் அத்தாய் குறித்து வைத்த தாள்களே நம் நெஞ்சில் நிற்கின்றன.

நம் புதல்வன் பட்டம் பெறுவானா என்று நாம் ஆராய்வதில்லை. ஆட்டத்தில் பெரும்பாலும் வெல்பவன் அவனே. வென்றபின், எந்த நகர்வால் வென்றான் என்பதை நமக்கு விளக்கிச் சொல்வான். அந்த அரைமணி நேரமும் இப்போது அவன் பேசுவது தமிழே. ஒரு பலகையும் 32 காய்களும் வாங்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. அன்பர்களும் தம் பிள்ளைகளிடம் மாணாக்கராக அமர்ந்து பார்ப்பார்களாக.