கிப்லாச் சுவரில் ஓர் ஓவியம்

 

ஒருவரின் குணத்தை அறிய வேண்டுமானால் அவரோடு பயணம் செய்து பார்க்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் கூறுவார்கள். கடந்த பள்ளி விடுமுறையில் பினாங்குக்குச் சென்று தங்கிய இரண்டு இரவுகளில், நம்முடைய குணத்தையே நாம் சற்று அறிந்துகொண்டோம். பிறருக்கும் பயன்படக்கூடும் என்பதால் அதை இங்கே எழுதுகிறோம்.

பினாங்கில் வசிக்கும் மைத்துனரின் மகளுக்கு நிக்காஹ். வீடு முழுவதும் விருந்தினர்கள் நிறைந்திருந்ததால், நமக்கும் துணைவியாருக்கும் பதினான்கு வயது மகளுக்கும் ஜார்ஜ் டவுனின் பழைய நகரப் பகுதியில் ஒரு சிறிய ஹோட்டலில் அறை எடுத்துக் கொடுத்தார் மைத்துனர். “ஓவியங்கள் நிறைந்த ஹோட்டல் மச்சான், பிள்ளைக்குப் பிடிக்கும்” என்று அவர் சொன்னபோது, நாம் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

1786இல் ஆங்கிலேயர் குடியேற்றமாகத் தொடங்கிய இந்நகரம், 2008ஆம் ஆண்டு மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் அடையாளமே வரிசை வரிசையாக நிற்கும் கடைவீடுகள்தாம். கீழே கடை, மேலே குடியிருப்பு, நடுவே வானம் பார்த்த முற்றம், வீதியோரத்தில் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்க ஐந்தடி நடைபாதை. மலாய்க்காரர்கள் அதனைக் ‘காக்கி லீமா’ என்பார்கள். அப்படிப்பட்ட மூன்று கடைவீடுகளை இணைத்து உருவாக்கப்பட்டதே நாம் தங்கிய ஹோட்டல். சுவர்களுக்குப் பழைய முறையிலேயே சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கிப் பழைய செங்கல்லை அரித்துவிடும் என்று அங்கிருந்த பணியாளர் விளக்கினார். நம் ஊர்ப் பழைய பள்ளிவாசல்களைப் புதுப்பிப்போரும் கவனிக்க வேண்டிய செய்தி இது.

ஒவ்வோர் அறையையும் ஓர் ஓவியரிடம் ஒப்படைத்திருந்தார்கள். நமது அறையின் ஒரு சுவர் முழுவதும் ஒரு முதியவரின் உருவம் தீட்டப்பட்டிருந்தது. தலையில் வெள்ளைத் தொப்பி, இடுப்பில் கைலி, தோளில் காவடித் தண்டு, அதன் இரு முனைகளிலும் சோற்றுக் கூடையும் கறிச்சட்டியும். பினாங்கின் ‘நாசி கண்டார்’ சோற்றுக்கு அப்பெயரைத் தந்ததே அந்தத் தண்டுதான். நம் கடலோர ஊர்களிலிருந்து சென்றவர்கள் துறைமுகத் தொழிலாளர்களுக்கு அவ்வாறு தெருத்தெருவாகச் சோறு சுமந்து விற்றார்கள்.

அஸர் தொழுகைக்கு நேரமானது. மலேசிய ஹோட்டல்கள் பலவற்றிலும் உள்ளது போல், கூரையில் கிப்லாவின் திசையைக் காட்டும் அம்புக்குறி ஒட்டப்பட்டிருந்தது. அது நேராக அந்த முதியவரின் முகத்தைக் காட்டியது!

அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் இல்லத்தில் தொங்கிய உருவங்கள் கொண்ட திரையை, தொழுகையில் அவை குறுக்கிடுகின்றன என்று கூறி நபி (ஸல்) அவர்கள் அகற்றச் சொன்ன செய்தியை நாம் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துகிறோம். இதுவோ சுவரிலேயே தீட்டப்பட்ட ஓவியம், அகற்ற இயலாது. படுக்கை விரிப்பை எடுத்துச் சுவர்விளக்கின் ஆணியில் மாட்டினோம். முதல் ரக்அத்திலேயே அது நழுவி விழுந்தது. தொழுது முடித்ததும் நமக்குச் சினம் பொங்கியது. வேறு ஹோட்டல் பார்க்கலாம் என்றும், மைத்துனருக்கு இவ்வளவும் தெரியாதா என்றும் குரல் உயர்த்திப் பேசினோம். துணைவியார் அமைதியாக, “கல்யாண வீட்டுல அண்ணன் மனசு நோகுமே. கீழே போய் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்” என்றார்.

கேட்டோம். வரவேற்பு மேசையில் இருந்த மலாய்ப் பெண் சிறிதும் முகம் சுளிக்கவில்லை. வேறு விருந்தினர்களும் இவ்வாறு கேட்பதுண்டு என்று கூறி, கொடிகளும் பூக்களும் அச்சிட்ட பாத்திக் துணியாலான மடக்குத் தடுப்பு ஒன்றையும் இரண்டு தொழுகை விரிப்புகளையும் அனுப்பிவைத்தார். ஐந்து நிமிடத்தில் தீர்ந்த காரியத்திற்காக அரை மணி நேரம் வீட்டாரை வருத்தியிருந்தோம்.

மாலையில் வீதிகளைப் பார்க்கப் புறப்பட்டோம். லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் சக்கரேவிச் என்னும் ஓவியர் 2012இல் இவ்வீதிகளின் சுவர்களில் சில ஓவியங்களைத் தீட்டினார். ஆர்மீனியன் தெருவில், உண்மையான பழைய மிதிவண்டி ஒன்றைச் சுவரோடு பொருத்தி, அதன் மேல் இரு குழந்தைகள் அமர்ந்து செல்வதாக வரைந்த ஓவியத்தின் முன் படம் எடுத்துக்கொள்ள மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். வெயிலும் மழையும் பட்டு வண்ணம் மங்கிவருகிறது. வேறு சுவர்களில் இரும்புக் கம்பியை வளைத்து, அந்தந்தத் தெருவின் பழைய கதையைச் சித்திரமாக்கியிருக்கிறார்கள். மகள் ஒவ்வொன்றின் முன்னும் நின்றாள். ஆனால் ஒரு சொல்லும் பேசவில்லை. அதன் காரணம் நமக்குத் தெரியும். அதைப் பின்னர் சொல்கிறோம்.

மஃரிபுக்குக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை அடைந்தோம். தமிழ் முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய காதர் முஹ்யித்தீன் அவர்களால் 1801இல் நிறுவப்பட்ட பள்ளி அது. அதே வீதியில் 1818இல் கட்டப்பட்ட கிறித்தவ ஆலயமும், சீனர்களின் பழமையான கோயிலும் இருக்கின்றன. இருநூறு ஆண்டுகளாக அண்டை அயலாராக வாழ்கிறார்கள்.

தொழுகைக்குப் பின் தமிழ் பேசும் முதியவர் ஒருவர் ஊரை விசாரித்தார். நாகூர்ப் பக்கம் என்றதும் கையைப் பற்றிக்கொண்டார். எங்கே தங்கியிருக்கிறோம் என்று கேட்டு, ஹோட்டல் இருக்கும் தெருவைச் சொன்னதும் மெல்லச் சிரித்தார். “அதுக்குப் பக்கத்துத் தெருவுலதான் தம்பி நாங்க குடியிருந்தோம். மூணு தலைமுறை. இப்ப அங்க காப்பிக்கடை. சுவத்துல நம்மாளைத்தான் வரைஞ்சு வச்சிருக்காங்க. உள்ள நம்மாளு யாரும் இல்ல” என்றார்.

போருக்கு முற்பட்ட கட்டடங்களின் வாடகையைப் பல பத்தாண்டுகளாகக் கட்டுப்படுத்திவந்த சட்டம் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு நடைமுறையிலிருந்து விலகியது. வாடகை பலமடங்கு உயர்ந்தபோது, சிறு வணிகர்களும் கைவினைஞர்களும் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தார்கள். அதன் பின்னர் மரபுரிமைப் பெருமையும் சுற்றுலாவும் வந்தன. பாழடைந்துபோகவிருந்த எத்தனையோ வீடுகளை ஹோட்டல்கள் காப்பாற்றியிருக்கின்றன என்பதும் உண்மையே. எனினும், அந்த அறையின் சுகமான படுக்கையில் அன்றிரவு நமக்கு எளிதில் உறக்கம் வரவில்லை.

தடுப்பைச் சற்று விலக்கி மகள் ஓவியத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “வாப்பா, பினாங்கு அப்பா இப்படித்தான் இருந்திருப்பாங்களா?”

பினாங்கு அப்பா என்று வீட்டில் குறிப்பிடப்படுபவர் நமது பாட்டனார். நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறி இந்த ஊருக்கு வந்து, சோற்றுக்கடையில் பல்லாண்டுகள் உழைத்த சபுராளி. நாம் பிறக்கும் முன்பே வஃபாத்தாகிவிட்டார். அவருடைய நிழற்படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. பாஸ்போர்ட்டில் இருந்த சிறு படத்தையும் கரையான் அரித்துவிட்டது. அவர் அனுப்பிய பணத்தில் கட்டிய வீட்டில்தான் இன்றும் வசிக்கிறோம். அவர் முகம் எப்படி இருந்தது என்று நமக்கே தெரியாது. மகளுக்கு விடை சொல்ல நா எழவில்லை.

அவள் அந்த அளவுக்குப் பேசியதே பெரிய காரியம். ஓராண்டுக்கு முன், அவளுடைய நோட்டில் தோழியரின் முகங்களும் பூனைகளும் வரையப்பட்டிருப்பதைக் கண்டு, அவள் கண் முன்னே அதைக் கிழித்தோம். ஓர் ஆலிமின் வீட்டில் இப்படியா என்று கேட்டோம். அன்றுமுதல் அவள் பென்சிலைத் தொடவில்லை. பாடம் படிந்துவிட்டது என்று மகிழ்ந்திருந்தோம். உண்மையில் அவள் நம்மோடு பேசுவதையும் சேர்த்தே குறைத்துக்கொண்டிருந்தாள்.

உருவப்படம் வரைவதைப் பற்றிய எச்சரிக்கைகள் மார்க்கத்தில் உள்ளவை. அவற்றை மறைக்கவோ நீர்த்துப்போகச் செய்யவோ நமக்கு உரிமை இல்லை. ஆனால் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் ஓவியர் ஒருவர் வந்த செய்தியையும் நாமே கற்பிக்கிறோம். இதுவே தம் பிழைப்பு என்று கூறிய அம்மனிதருக்கு அவர்கள் எச்சரிக்கையையும் சொன்னார்கள். அவர் வெளிறிப்போனதைக் கண்டு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையும் வழியையும் காட்டினார்கள். பிழைப்புக்கு வரைந்தவருக்கே அந்தப் பரிவு கிடைத்தது. நாமோ நம் பிள்ளைக்கு முதற்பாதியை மட்டும் கூறி, அதையும் காகிதம் கிழியும் ஓசையோடு கூறினோம்.

ஃபஜ்ருக்குப் பின் அவளை அழைத்து இதை முழுமையாகச் சொன்னோம். நோட்டைக் கிழித்தது தவறு என்றும் சொன்னோம். முப்பது பேர் முன் அமர்ந்து பாடம் நடத்தும் நமக்கு, ஒரு பிள்ளையிடம் அதைச் சொல்ல நெஞ்சு படபடத்தது. அவள் உடனே ஒன்றும் பேசவில்லை. ஹோட்டலில் கேட்டு ஒரு தாளும் பென்சிலும் வாங்கிவந்து கொடுத்தோம். காலை உணவுக்குப் பின் அவள் ஐந்தடி நடைபாதையில் அமர்ந்து, அதன் பூவேலைத் தளக்கற்களையும் மரச்சன்னலையும் தெருமுனையில் தெரிந்த மினாராவையும் வரைந்தாள். “மினாரா கொஞ்சம் சாஞ்சிருச்சு வாப்பா” என்றாள். அந்தத் தாள் இப்போது நமது வீட்டுக் கூடத்தில், கிப்லாவுக்கு எதிர்ப்புறச் சுவரில் இருக்கிறது.

இத்தகைய ஹோட்டல்களில் தங்க நேரும் சகோதரர்களுக்கு ஒரு சொல். முன்பதிவின்போதே அறையில் என்ன ஓவியம், எந்தச் சுவரில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு துணியும் கயிறும் பெட்டியில் இருக்கட்டும். அருகிலுள்ள பள்ளிவாசலை அறிந்துகொள்ளுங்கள். தேவையைப் பணிவோடு கேளுங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும். அந்தத் தெருவில் முன்பு வாழ்ந்தவர் எவரேனும் எதிர்ப்பட்டால் சற்று நின்று பேசுங்கள்.

பிள்ளைகளுக்கு மார்க்கத்தை முழுமையாகவும் கனிவோடும் எடுத்துச் சொல்லும் பெற்றோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! சபர் சென்று உழைத்து, முகம் தெரியாமல் மறைந்த நம் முன்னோர் அனைவரின் கப்றுகளையும் விசாலமாக்குவானாக! ஆமீன்.