குப்பிக்குக் கிடைத்த கவனிப்பு

மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்திலிருந்து தபாலில் குப்பிகள் வந்த அன்றே எனக்கு வயிற்றைக் கலக்கியது. சுண்டுவிரலில் பாதிகூட இராது ஒவ்வொன்றும். உள்ளே ஒரு சிட்டிகைப் பொடி. கதிர் பட்டால் அந்த ஆற்றலை வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் ஒளியாகக் கக்கும். அந்த ஒளியை அளந்தால், கொடுத்த கதிர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். வயர் இல்லை, மின்சாரம் இல்லை. சர்வதேச அணுசக்தி முகமை 1969லிருந்து இப்படித்தான் ஊர் ஊராகத் தபாலில் அனுப்பிச் சோதித்தது. பொடியை விட்டு அது கண்ணாடிக்கு மாறியது 2017ல்தான்.

நான் செய்ய வேண்டியது சுலபம். தண்ணீரில் 10 செ.மீ. ஆழத்தில் குப்பியை நிறுத்தி, நோயாளிக்குக் கொடுப்பதுபோலவே கணக்குப் போட்டு 2 கிரே அளவு கதிர் கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அவர்கள் அளந்ததும் நான் சொன்னதும் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் போதும்.

‘நோயாளிக்குக் கொடுப்பதுபோலவே.’ அங்கேதான் இடித்தது. மாதம் ஒருமுறை தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, கதிரை அளக்கும் அயன் சேம்பரை இறக்கி, கதிர் சிகிச்சை தரும் லினாக் மெஷினின் அவுட்புட்டை அளக்க வேண்டியவன் நான். இரண்டு மாதமாகச் செய்யவில்லை. முதுகுவலி என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் சோம்பல். டெக்னீஷியன் தினமும் காலையில் எடுக்கும் ரீடிங் மெல்ல ஏறிக்கொண்டே வந்ததைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

குப்பிகளுக்குக் கதிர் கொடுக்க வேண்டிய நாளில் விடியற்காலை ஆறு மணிக்கே போய்த் தொட்டியை நிரப்பினேன். வெப்பநிலை, காற்றழுத்தம் எல்லாம் திருத்திப் பார்த்தால் 1.036. இருக்க வேண்டியது 1. மறுபடி அளந்தேன். அதே எண். மெஷினைச் சரிசெய்து 1.002க்குக் கொண்டுவந்தேன். சரிசெய்ததில் தப்பில்லை. பதிவேட்டில் 1.002 மட்டும் எழுதினேன். 1.036 எழுதியிருந்த துண்டுச்சீட்டைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் குப்பியைத் தண்ணீரில் இறக்கினேன்.

முடிவு பிரமாதமாக வந்தது. அரை சதவீத வித்தியாசம்கூட இல்லை. டாக்டர் கை கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரங்களில் தொண்டைப் புற்றுநோய்க்கு வந்துகொண்டிருந்த ஓர் அம்மாவுக்கு 35 முறையில் மொத்தம் 70 கிரே. முழுக்க அந்த 1.036லேயே போயிருந்தால் இரண்டரை கிரே கூடுதல். 36ஆவது முறையும் படுக்கவைத்த மாதிரி. கஞ்சிகூட இறங்கவில்லை தம்பி என்பார். அந்தச் சிகிச்சையில் வாய் புண்ணாவது சகஜம், என்னால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. இத்தனை நாளும் நான் பிடித்துத் தொங்கியது அந்த வரியைத்தான்.

நேற்று அந்தப் பழைய பதிவேட்டை எடுத்து, 1.002க்கு மேலே சிவப்பு மையில் 1.036 என்று எழுதி, நேற்றைய தேதியும் கையெழுத்தும் போட்டு டாக்டர் மேசையில் விரித்து வைத்தேன். அவர் இன்னும் வரவில்லை.