இல்லாத குன்று

நாவல் எழுதுகிறவனுக்கு நிலம் காசில்லாமல் கிடைக்கிற சரக்கு. மலை வேண்டுமா? 'தூரத்தில் ஒரு குன்று தெரிந்தது' என்று எழுதினால் குன்று முளைத்துவிடும். ஆறு வேண்டுமென்றால் ஆறு. பட்டா எங்கே, சிட்டா எங்கே என்று கேட்பாரில்லை. இத்தனை வருஷமாக இந்த உரிமையை நான் தாராளமாக அனுபவித்து வந்தேன். போன கோடையில்தான் முதன்முதலாக ஒருவன் என்னிடம் பத்திரம் கேட்டான். அவனுக்கு வயது பதினேழு. என் தம்பி மகன்.

தம்பி மல்லசமுத்திரத்தில் எங்கள் பூர்வீக வீட்டிலேயே இருக்கிறான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி வைத்திருக்கிறான். வருஷத்தில் பாதி நாள் லாரியோடு வடக்கே எங்காவது துளை போட்டுக்கொண்டிருப்பான். ஒரு நாள் அங்கிருந்தே டெலிபோன் செய்தான்.

"அண்ணா, பையன் ராத்திரி பகலா கம்ப்யூட்டர்ல சண்டை போட்டுட்டு இருக்கானுங்க. அடுத்த வருஷம் பிளஸ் டூ பரீட்சை. நான் சொன்னா ஏறாது. நீங்க ஒரு எட்டுப் போயி ரெண்டு வார்த்தை சொல்லிப்போட்டு வாங்க."

தம்பி வாய்விட்டுக் கேட்கிற ஆசாமி அல்ல. மறுநாளே பஸ் ஏறினேன்.

பையன் சண்டை எதுவும் போட்டுக்கொண்டிருக்கவில்லை. சண்டைக்கு நிலம் தயார் செய்துகொண்டிருந்தான். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்ற யுத்த விளையாட்டு. அதன் மூன்றாம் பாகம் 2005-இல் வந்தது. 2007-இல் இந்தியச் சேனையையும் சேர்த்தார்கள். பிறர் அமைத்த களத்தில் விளையாடலாம். நாமே களம் அமைக்கவும் அதிலேயே வசதி உண்டு. எலியைப் போன்ற அந்தக் கருவியை நகர்த்தினால் மண் மேடாகும், பள்ளமாகும், நீர் நிரம்பும், மரம் முளைக்கும். என் தொழிலேதான்! கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"இது எந்த ஊர், கண்ணு?"

"புள்ளலூருங்க பெரியப்பா. 1780. உங்க கதையைப் படிச்சுட்டுத்தான் ஆரம்பிச்சேன்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. வந்த காரியம் மறந்துபோயிற்று.

"ஆனா ஒண்ணுங்க. நீங்க எழுதியிருக்கற குன்று அங்க இல்லீங்க."

சாட்டிலைட் படத்தைக் காட்டினான். காஞ்சிபுரத்துக்கு வடக்கே கண்ணுக்கெட்டிய வரை சமவெளி. ஏரி, வயல், மறுபடியும் ஏரி. என் கதாநாயகன் குதிரையை நிறுத்திப் போர்க்களம் முழுவதையும் மூன்று பக்கத்துக்குப் பார்த்து வருணித்தானே, அந்தக் குன்றைக் காணோம்!

அந்த அத்தியாயத்தைப் புகழ்ந்து எத்தனையோ வாசகர்கள் எழுதினார்கள். ஒருவர்கூட குன்றைப் பற்றிக் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் அந்த வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. மல்லசமுத்திரத்தில் வளர்ந்தவனுக்கு மலை இல்லாத அடிவானமே மனசில் பதியாது. ஒரு பக்கம் திருச்செங்கோடு, அதற்கப்பால் சங்ககிரி, வடக்கே கஞ்சமலை. நான் எழுதிய ஊர்களிலெல்லாம் என்னை அறியாமலே ஒரு கரட்டைக் கொண்டுபோய் நட்டிருக்கிறேன் போலிருக்கிறது. தஞ்சாவூரை வைத்து எழுதிய கதையை இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை. பயமாக இருக்கிறது.

புள்ளலூரில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1780 ஜூலையில் ஹைதர் அலி எண்பதாயிரம் பேருக்குக் குறையாத சேனையோடு கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். கும்பினியாருக்கு இரண்டு படைகள். காஞ்சிபுரத்தில் ஹெக்டர் மன்றோ, பக்ஸாரில் ஜயித்த தளபதி. குண்டூரிலிருந்து அவரோடு சேர வந்துகொண்டிருந்தவர் கர்னல் பெய்லி. ஆகஸ்ட் 25-ஆம் தேதி பெய்லி கொசஸ்தலை ஆற்றுக்கு வந்தார். அன்றே கடந்திருக்கலாம், வடகரையில் கூடாரம் அடித்தார். இரவில் வெள்ளம் வந்தது. பத்து நாள் போல அங்கேயே கிடந்தார். கடந்து வந்ததும் செப்டம்பர் 6-இல் பேரம்பாக்கத்தில் திப்பு மறித்தார். மன்றோ ஆயிரம் பேரை உதவிக்கு அனுப்ப, பெய்லியின் படை சுமார் 3,800 ஆயிற்று. ஒன்பதாம் தேதி இரவு மறுபடியும் நடந்தார்கள். நடு வழியில் பெய்லி படையை நிறுத்திவிட்டார். காஞ்சிக்கு இன்னும் ஒன்பது மைல்தான். மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு போகிற தூரம். பொழுது விடிந்தபோது திப்புவும் ஹைதரும் சூழ்ந்துகொண்டார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. ராக்கெட் பட்டு என்பார் சிலர், பீரங்கிக் குண்டு பட்டு என்பார் சிலர். படையே இல்லாமல் போயிற்று. மன்றோ பெரிய பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைப் பக்கம் திரும்பினார். பெய்லி 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் செத்தார்.

பையன் முதலில் நிலத்தை அளவாகப் போட்டு, இரண்டு படைகளையும் வைத்து, கூட்டாளி ஒருவனைப் பெய்லியாக உட்கார வைத்திருக்கிறான். அவன் பத்தே நிமிஷத்தில் மன்றோவோடு சேர்ந்துவிட்டானாம்.

"எப்படி?"

"அவனுக்குத்தான் எல்லாம் தெரியுதுங்களே. மன்றோ எங்க இருக்காரு, திப்பு எங்க வர்றாரு, எல்லாமே ஸ்கிரீன்ல தெரியுது. அப்பறம் யாருங்க நடுவழியில தூங்குவாங்க?"

ஆகவே திரையை இருட்டாக்கிவிட்டான். தன் ஆட்களுக்கு எட்டிய அளவுதான் தெரியும், மற்றதெல்லாம் கறுப்பு. இந்த விளையாட்டுக்களில் அது வழக்கந்தானாம். காஞ்சிப் பக்கமிருந்து பீரங்கிச் சத்தம் மட்டும் வரும். நம்முடையதா எதிரியுடையதா என்று சொல்லாது. இப்போது கூட்டாளி இரண்டு தடவை நடுவழியில் தானாகவே நின்றிருக்கிறான். நான் என் நாவலில் பெய்லியின் கோழைத்தனத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதைப் பற்றிப் பையன் ஒன்றும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை.

இன்னொரு வேடிக்கை. அந்த விளையாட்டில் ராக்கெட் இங்கிலீஷ்காரர்களின் ஆயுதம்! மைசூர் ராக்கெட்டுகளிடம் அடிபட்டுக் கற்றுக்கொண்ட பிறகுதானே இங்கிலாந்தில் காங்கிரீவ் என்பவர் அதைச் செய்தார்? பையன் ராக்கெட்டை அவர்களிடமிருந்து பிடுங்கி மைசூரிடம் கொடுத்திருந்தான். சிப்பாய்ப் பொம்மையோ அதில் இந்தியச் சேனையைச் சேர்ந்தது. அதைப் பிடுங்கிச் சிவப்புச் சாயம் பூசிப் பெய்லியிடம் நிறுத்த வேண்டியதாயிற்று.

"ஒரு பொம்மை நூறு பேருங்க. பெய்லிக்கு முப்பத்தெட்டு. அதுல வெள்ளைக்காரங்களுக்கு ஆறே போதுங்க. மீதி பூராவும் நம்மாளுங்கதான்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். பிடிபட்ட ஐரோப்பியர் சுமார் இருநூறு பேர் என்று கணக்கு எழுதிவைத்திருக்கிறார்கள்; அவர்களுடைய சிறைவாசக் கதைகள் லண்டனில் புஸ்தகங்களாயின. திப்பு தரியா தௌலத் மாளிகைச் சுவரில் 1784-இல் தீட்டச் செய்த சித்திரத்திலும் பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறார். என் நாவலிலும் செத்தவர்கள் 'சிவப்புச் சட்டைக்காரர்கள்'தான். சட்டைக்குள் இருந்தது யார் என்று எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை. திரையில் ஒரு பொம்மை விழுந்தது. சில விநாடி கிடந்தது; பிறகு மண்ணோடு மறைந்துவிட்டது. நூறு பேர்.

ஹெச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடுவதற்கென்றே 1913-இல் ஒரு புஸ்தகம் எழுதினார். மறு வருஷம் நிஜ யுத்தம் வந்துவிட்டது. எழுத்தாளர்களுக்கு இந்தப் பைத்தியம் புதிதல்ல என்று பையனிடம் சொல்லி வைத்தேன்.

இரவு சாப்பிட்டு எழுந்த பிறகு என் மனத்தாங்கலைக் கண்டுகொண்டான் போலிருக்கிறது.

"பெரியப்பா, குன்று இல்லாட்டிப் போகுதுங்க. ஏரிக்கரை இருக்குதுங்களே. அந்தச் சுத்துவட்டாரத்துல அதுதான் ஒசரம். உங்காளை அதுமேல ஏத்தி வெச்சுருங்க."

கம்ப்யூட்டரில் ஒரு குதிரைக்காரனை ஏரிக்கரைமேல் ஏற்றியே காட்டினான். அவனுக்குத் தெரிந்தது முன்னால் ஒரு பனந்தோப்பு. அதற்கப்பால் இருட்டு.

"அங்கிருந்து சண்டை தெரியாதே!"

"தெரியாதுங்க. புகைதானுங்க தெரியும்."

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது தம்பி டெலிபோனில் கூப்பிட்டான். "சொன்னீங்களாண்ணா? என்ன சொன்னான்?"

பரீட்சை முடியும் வரையில் ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறான் என்றேன். அது நிஜந்தான். மற்றதைத் தம்பியிடம் சொல்லவில்லை. அந்த நாவலின் அடுத்த பதிப்புக்கு ப்ரூஃப் வந்து மேஜைமேல் கிடக்கிறது. மூன்று பக்க வருணனையை அடித்துவிட்டேன். கதாநாயகன் இப்போது ஏரிக்கரையில் நின்று பனைகளுக்கு மேல் எழும்பும் புகையைப் பார்க்கிறான். அவனுடைய தமையன் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் இருக்கிறான். பதிப்பாளரிடம் இன்னும் சொல்லவில்லை.