ஒன்பது பேரும் எங்கள் ஊர்க்காரர்கள்தான்

குவைத்தில் நம்மாள் ஒருவர் இறந்துபோனால் முதலில் தேடுவது அவருடைய பத்தாக்காவை. சிவில் அடையாள அட்டையை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். அதிலிருக்கும் எண்ணை வைத்துத்தான் இறப்புச் சான்றிதழ், இந்தியத் தூதரகத்தில் பதிவு, தடையில்லாச் சான்று, பாஸ்போர்ட் ரத்து, உடலைப் பதப்படுத்துதல், விமான கார்கோ என்று காரியங்கள் நகரும். அரசு அலுவலகங்களுக்கு அலையும் கம்பெனி ஆளான மன்தூப் சுறுசுறுப்பாக இருந்தால் சில நாட்களில் முடிந்துவிடும். அக்காமா என்னும் தங்கும் அனுமதி காலாவதியாகிக் கிடந்தால் இழுக்கும். இத்தனை தாள்களிலும் இறந்தவரைப் பற்றி இருப்பது பெயர், பிறந்த தேதி, தொழில், ஸ்பான்சர், அவ்வளவுதான். அவர் ரசத்தில் புளியைத் தூக்கலாகக் கரைப்பார், வெள்ளிக்கிழமை கேரம் போர்டில் தோற்றால் சாயங்காலம் வரை யாரோடும் பேசமாட்டார், சம்பளம் வந்த அன்றைக்கு மட்டும் பக்காலா என்னும் மளிகைக் கடையில் ஐஸ்கிரீம் வாங்குவார் என்பதெல்லாம் கூட இருந்த அறைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெட்டி கிளம்பும் முன் அறைக்காரர்கள் உட்கார்ந்து ஆளுக்கொன்று சொல்வார்கள். மைக், மேடை எதுவும் கிடையாது. விவரமான ஒருவர் அதையெல்லாம் மனத்தில் வாங்கிக்கொண்டு, கொஞ்ச நாள் கழித்து ஊரில் இருக்கும் மனைவிக்கோ மகனுக்கோ போன் போட்டுச் சொல்வார். சுலபமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வந்த மனிதரைத்தான் குடும்பத்துக்குத் தெரியும். இங்கே அவர் வாழ்ந்த வருடங்கள் அவர்களுக்குப் பணமாக வந்தன, வீடாக நின்றன. அந்த வருடங்களில் அவர் எப்படி இருந்தார் என்று சொல்ல எங்களை விட்டால் ஆள் இல்லை. வெளிநாட்டில் செத்தவனின் பாதி வாழ்க்கை, செத்த இடத்துக்காரர்களிடம்தான் இருக்கிறது.

2024 ஜூன் 12 விடியற்காலையில் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று தீப்பிடித்தது. நான் இருக்கும் மஹ்பூலாவிலிருந்து ஃபஹாஹீல் பக்கம் போனால் வழியில் இருக்கிற இடம். தரைத்தளத்தில் மின்கசிவு, பெரும்பாலோர் தூக்கத்திலேயே புகையில் மூச்சு முட்டிப் போனார்கள். இறந்தவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். அதில் தமிழர் 7 பேர். அந்த ஏழு பேரில் ராயபுரத்துக்காரர் ஒருவரும் இருந்தார் என்று கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது. ராயபுரம் என்றால் வடசென்னைப் பக்கத்துக்காரர்களான எங்களுக்கு அடுத்த தெரு மாதிரி. கல்யாணத்துக்குத் துணி எடுக்க அந்தப் பக்கம் எம்.சி. ரோட்டுக்குத்தான் போவோம்.

ஜூன் 14ஆம் தேதி விமானப்படையின் விமானம் பெட்டிகளோடு கொச்சியில் இறங்கியது. கேரள முதல்வர் அங்கே நின்றார். தமிழ்நாட்டு அமைச்சர் ஒருவரும் வந்து நம்மவர்களின் உடல்களைப் பெற்றுக்கொண்டார். மலையாளச் சேனல்கள் இறந்தவர்களின் வீட்டு வாசல்களுக்கே போய் ஒவ்வொருவர் கதையையும் சொல்லிக்கொண்டிருந்தன. செத்தவர்களை ஆள் ஆளாகப் பார்க்கும் அந்தப் பழக்கத்தை மலையாளிகளிடம் நாம் கற்றுக்கொள்ளலாம். நம் பக்கம் செய்தி "7 தமிழர்கள் பலி" என்பதோடு சீக்கிரம் முடிந்துவிட்டது.

எங்கள் ஊர் அத்திப்பட்டு. இங்கே ஊர்ப் பெயரைச் சொன்னதும் "அஜித் படத்தில் வருமே, அதுவா?" என்று கேட்காத தமிழன் இல்லை. 2001இல் வந்த 'சிட்டிசன்' படத்தில் ஆட்களோடு சேர்த்து அரசாங்கப் பதிவேட்டிலிருந்தே அழிக்கப்பட்ட ஊர் அத்திப்பட்டி. எங்களுடையது பட்டு. கும்மிடிப்பூண்டி லோக்கல் நிற்கிறது, அத்திப்பட்டு என்றும் அத்திப்பட்டு புதுநகர் என்றும் இரண்டு ஸ்டேஷன் இருக்கிறது. 1994இல் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடத் தொடங்கியது. 2001இல் எண்ணூர் துறைமுகம் வந்தது. பிறகு வல்லூர் அனல்மின் நிலையம், அதானி கைக்குப் போன காட்டுப்பள்ளித் துறைமுகம். ஊர் அழியவில்லை, சாம்பல்தான் படிகிறது. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் குழாய் உடைந்து கலந்த கதையை எண்ணூர்க் குப்பத்து மீனவர்கள் நீதிமன்றம் வரை கொண்டுபோய்ச் சொல்லிவிட்டார்கள்.

ஊரில் யார் இறந்தாலும் தங்கை போனில் சொல்லிவிடுவாள். போன வருடம் நிறையச் சாவு. புதுநகர் ஸ்டேஷன் பக்கம் டீக்கடை போட்டிருந்த பெரியவர். பல்லில் பறிக்கூடையைக் கவ்விக்கொண்டு முட்டிவரைத் தண்ணீரில் தவழ்ந்து, கையாலேயே இறால் தடவிப் பிடித்த கிழவி. எண்ணெய் கசிந்து தண்ணீரில் மிதந்த 2023 டிசம்பரிலும் ஆற்றில் இறங்கியவள். சாம்பல் பிரிவில் காண்ட்ராக்ட்டில் இருந்து, பர்மனென்ட் ஆகாமலேயே ரிடையர் ஆன சித்தப்பா.

"டீக்கடை தாத்தாவுக்கு நைட்டெல்லாம் கானாண்ணா. பசங்க காசு போட்டு வச்சாங்க" என்றாள்.

மரண கானாவைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பாட வருகிறவர் முதலில் வீட்டுக்காரர்களிடம் உட்கார்ந்து கேட்பார். பேர் என்ன, என்ன வேலை பார்த்தார், பிள்ளைகள் யார் யார், எதற்குக் கோபம் வரும், யாருக்கு உதவி செய்தார். கேட்டதை அப்படியே பாட்டில் கட்டி, விடிய விடியப் பாடுவார். உறவுமுறை ஒவ்வொன்றும் பெயரோடு வரும். தாத்தா கடனுக்கு டீ கொடுத்து ஏமாந்ததைக்கூடப் பாடியிருக்கிறார்கள். படித்தவர்கள் இதைக் கூச்சல் என்பார்கள். என் கணக்கில், வடசென்னையின் வாழ்க்கை வரலாற்றுத் துறை இதுதான். மறுநாள் கண்ணீர் அஞ்சலி பேனர், பதினாறாம் நாள் படத்திறப்பு. சாதாரண ஆளுக்கும் இவ்வளவு மரியாதை செய்கிற ஊர் எங்களுடையது. அந்தப் பெருமை எனக்கு எப்போதும் உண்டு.

2025 செப்டம்பர் 30 அன்று சாயங்காலம், எங்கள் வட்டாரத்தில் கட்டிக்கொண்டிருக்கும் எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். அசாமிலிருந்து வந்தவர்கள். மறுநாள் நமக்கு ஆயுத பூஜை. விபத்து நடந்த அன்று அவர்கள் ஊரில் துர்கா பூஜையின் அஷ்டமி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதல்வர் பத்து லட்சமும் பிரதமர் இரண்டு லட்சமும் அறிவித்தார்கள். ஸ்டான்லி மருத்துவமனையிலிருந்து பெட்டிகள் விமானம் ஏறின.

தங்கையிடம் கேட்டேன். "யாரோ அசாம் பசங்கண்ணா. பாவம், சின்னப் பசங்க."

"பேரு?"

"பேரு யாருக்குண்ணா தெரியும்?"

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மங்காஃப் கட்டடத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த குவைத்தியும் இதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் எங்களுக்கு இங்கே அறைக்காரர்கள் இருந்தார்கள், தூதரகம் இருந்தது. ஜனவரி 12ஆம் தேதியை அயலகத் தமிழர் தினம் என்று கொண்டாடும் ஒரு மாநில அரசும் இருக்கிறது. அத்திப்பட்டில் ஒற்றை அறையில் பலர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் அசாம்காரருக்கு யார் இருக்கிறார்? விபத்து நடந்ததும் கூட இருந்தவர்களும் பயந்து ரயில் ஏறிவிட்டால், அவர் இங்கே எப்படி வாழ்ந்தார் என்று சொல்ல ஓர் ஆள் மிஞ்சமாட்டார்.

உண்மையில் மிஞ்சியிருக்கிறார்கள். தினமும் அந்த ஒன்பது பேரில் யாருக்கோ டீ ஊற்றிக் கொடுத்தவர் இருக்கிறார். அறையை வாடகைக்கு விட்ட அக்கா இருக்கிறார். ரீசார்ஜ் செய்து கொடுத்த கடைப் பையன், ஞாயிற்றுக்கிழமை கோழி வெட்டிக் கொடுத்தவர், மீஞ்சூர் மார்க்கெட்டில் அரிசி விலைக்குச் சண்டை போட்டவர், சைட்டில் கூட நின்ற நம்மூர் மேஸ்திரி, எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். கர்பி ஆங்லாங்கிலும் ஹோஜாயிலும் இருக்கும் தாய்மார்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்தப் பையன் தமிழில் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை எது, யாரோடு போனில் அதிகம் பேசினான், என்ன பாட்டுக் கேட்டான் என்பது போல.

இந்த ஒன்பது பேருக்கும் ஊரில் பேனர் வைக்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு என் வீட்டிலேயே எதிர்ப்பு உண்டு. "வடக்கேயிருந்து வந்து கூலியைக் குறைச்சுட்டாங்க, அவங்களுக்குப் பேனர் ஒரு கேடா?" என்று மச்சான் கேட்டார். கூலி குறைந்ததும், சித்தப்பாவைப் போன்றவர்கள் கடைசிவரை காண்ட்ராக்ட்டிலேயே கழிந்ததும் உண்மை. ஆனால் கூலியை முடிவு செய்தவன் சாரத்தில் ஏறியவன் இல்லை. குவைத்தில் எங்களையும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று மச்சானிடம் சொன்னேன். "அது வேற" என்றார். எப்படி வேறு என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

எனவே ஊரில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒன்பது பேரின் பெயர்களும் அப்போதே பத்திரிகைகளில் வந்தன, எடுத்து வையுங்கள். கானா பாடுகிறவர்கள் கேட்பது போல டீக்கடையிலும் வாடகை வீட்டிலும் போய்க் கேளுங்கள். கிடைப்பதை ஹிந்தி தெரிந்த யாரையாவது வைத்து அந்தக் குடும்பங்களுக்குப் போனில் சொல்லுங்கள். வரும் செப்டம்பர் 30 அன்று புதுநகர் ஸ்டேஷன் வாசலில் நம் ஆட்களுக்கு வைக்கிற மாதிரியே கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்று வையுங்கள், ஒன்பது பேரும் பெயரோடு இருக்கட்டும். பேனருக்கு ஆகும் பணத்தை நான் அனுப்புகிறேன்.