இரண்டு ஊர், ஒரே விண்ணப்பம்

நம் ஊர்ப் பிள்ளைகள் பத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, எது கிடைக்கிறதோ அதில் சேருவார்கள். இங்கிலாந்தில் ஒரு விசித்திரமான விதி இருக்கிறது. ஐந்து சர்வகலாசாலைகளுக்கு எழுதிப் போடலாம். ஆனால், ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஒரே வருஷத்தில் போடக் கூடாது! இரண்டில் ஒன்றுதான். அதையும் அக்டோபர் 15-ந் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும்.

லண்டனில் இருக்கும் என் அக்காவின் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்க ஆசை. எங்கே என்பதில்தான் சங்கடம். "நீதான் ஊர் ஊராய்ச் சுற்றி எழுதுகிறவனாயிற்றே! இரண்டையும் அவளுக்குக் காட்டிவிட்டு வா" என்று அக்கா உத்தரவு போட்டாள்.

முதலில் ஆக்ஸ்போர்டு. தேன் நிறக் கல் கட்டடங்களைத் தாண்டி, பார்க்ஸ் வீதியில் கீபிள் கல்லூரியின் செங்கல் சுவருக்கு எதிரே கம்ப்யூட்டர் இலாகா. இங்கே 1965-ல் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி ஓர் ஆராய்ச்சிக் குழு தொடங்கினார். 1977-ல் டோனி ஹோர் பேராசிரியராக வந்தார். ஒரு புரோகிராம் ஆயிரம் தடவை சரியாக ஓடினால் போதுமா? அது தப்பே செய்யாது என்று, ஜியோமிதித் தேற்றத்தைப் போல நிரூபித்துக் காட்ட முடியாதா? இதைப் பற்றி 1969-லேயே எழுதியவர் அவர். நான் தலையைச் சொறிந்துகொண்டேன். மருமகள் முகத்திலோ ஒரு பிரகாசம்!

கேம்பிரிட்ஜ் அங்கிருந்து சுமார் 65 மைல்தான். ஆனால், இரண்டு ஊரையும் நேராக இணைத்த ரயில் 1967 கடைசியோடு நின்றுபோயிற்று. லண்டனுக்கு வந்து, ஸ்டேஷன் மாறித்தான் போனோம்.

இரண்டு இடத்திலும் பாடம் சொல்லும் முறை ஏறக்குறைய ஒன்றே. இரண்டு மூன்று மாணவர்களை உட்கார வைத்து ஆசிரியர் வாரந்தோறும் குடைந்தெடுப்பார். மற்றபடி இரண்டு ஊருக்கும் ஒத்துப்போவதில்லை. படகைக் கழி ஊன்றித் தள்ளுகிறவர்கூட ஆக்ஸ்போர்டில் ஒரு முனையில் நிற்கிறார், கேம்பிரிட்ஜில் மறு முனையில்!

எனக்கென்னவோ கேம்பிரிட்ஜ்தான் பிடித்தது. மாரிஸ் வில்க்ஸ் கட்டிய எட்சாக் கம்ப்யூட்டர் 1949 மே 6-ந் தேதி முதல் கணக்கைப் போட்டது இங்கேதான். 1953-லேயே கம்ப்யூட்டருக்கென்று டிப்ளமா படிப்பு ஆரம்பித்துவிட்டார்கள். இன்னொரு காரணம், காப்பி! ஆய்வுக்கூடத்தில் தூரத்து அறைக்காரர்கள் நடந்து வந்து பார்த்தால் காப்பிப் பாத்திரம் காலியாக இருக்குமாம். 1991-ல் அதன் எதிரே ஒரு காமிராவை வைத்துவிட்டார்கள். 1993 முதல் 2001 வரை உலகமே இன்டர்நெட்டில் அந்தப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தது. இப்போது இலாகா ஊருக்கு மேற்கே, வில்லியம் கேட்ஸ் கட்டடத்தில் இருக்கிறது. சைக்கிள் அவசியம்.

டிரினிடி கல்லூரி வாசலில் என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். "1914-ல் நம் கும்பகோணத்து ராமானுஜன் வந்து சேர்ந்த இடம், அம்மா! வேறென்ன வேண்டும்?"

அவள் சற்று யோசித்தாள். "அவர் ஊருக்காகவா வந்தார், மாமா? ஹார்டி இங்கே இருந்தார், வந்தார். எனக்கு வேண்டிய விஷயம் எங்கே இருக்கிறது என்றுதானே நான் பார்க்க வேண்டும்? தவிர, அந்த ஹார்டியே 1919-ல் ஆக்ஸ்போர்டு பேராசிரியராகிவிட்டாரே!"

நான் வாயடைத்துப் போனேன். 1931-ல் அவர் கேம்பிரிட்ஜுக்கே திரும்பி வந்துவிட்டார் என்ற பதில், ரயில் கிங்ஸ் கிராஸை நெருங்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் அவள் மடியிலிருந்த கம்ப்யூட்டரில் ஆக்ஸ்போர்டு என்று தட்டி முடித்திருந்தாள்.